கிளர்ச்சியை அடக்க வெளிநாட்டு ராணுவ உதவி: ஓரிடத்தில் எடுபடுகிறது, இன்னோரிடத்தில் ஏன் கரைந்து போகிறது?

ஊர்க்குருவி:
ரொம்ப நாளாக மனதில் ஓடுகிற கேள்வி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு அரசு உள்நாட்டுக் கிளர்ச்சியோடு மல்லுக்கு நிற்கிறது, வெளியிலிருந்து ஒரு பெரிய நாடு ஆயுதம், பணம், பயிற்சி எல்லாம் கொடுக்கிறது. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் சேர்த்து 1947ல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் 400 மில்லியன் டாலர் கேட்டு வாங்கினார், 1949ல் கிரேக்க உள்நாட்டுப் போர் அரசுப் பக்கம் முடிந்தது. ஆப்கானிஸ்தானில் ராணுவமும் போலீசும் கட்டுவதற்கு மட்டும் 80 பில்லியன் டாலருக்கு மேல் போட்டார்கள், 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் கையை விட்டுப் போனது. கொடுத்தது ஒரே நாடு. பெற்றவர்கள் வேறு, காலம் வேறு, சரி. ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

ஒரு வேண்டுகோள். "ஆப்கன்காரன் சண்டையே போடவில்லை" என்று மட்டும் யாரும் வந்து எழுத வேண்டாம். 2014இலிருந்து தன் படையினர் 45,000 பேர் செத்துப் போனார்கள் என்று ஆப்கன் அதிபர் கனியே 2019ல் சொன்னார். சண்டை போடாதவன் அந்த எண்ணிக்கையில் சாக மாட்டான்.

கணக்குப்பிள்ளை:
துப்பாக்கி எத்தனை போனது என்று எல்லாரும் எண்ணுகிறார்கள். சம்பளம் எப்படிப் போனது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் மஸ்டர் ரோலை, அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவேட்டை, கையில் எடுத்தாலே ஒப்பந்தக்காரர் முகம் மாறும். இருபது பேர் வேலை செய்த இடத்தில் முப்பது கைநாட்டு இருக்கும். படையிலும் அதே கதைதான், தொகை மட்டும் பெரியது.

ஆப்கானிஸ்தானில் படையும் போலீசும் சேர்த்து 3,52,000 பேர் என்பது அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை. களத்தில் உண்மையாக நின்றது அதைவிட மிகக் குறைவு என்று அமெரிக்காவே அமர்த்திய தணிக்கை அமைப்பு பல வருடம் எழுதிக்கொண்டே இருந்தது. இல்லாத ஆளின் சம்பளம் மேலதிகாரியின் பையில். தென் வியட்நாமிலும் இதே நோய், அங்கே சிப்பாய்களிடையே இதற்குப் பேரே இருந்தது. பட்டியலில் மட்டும் இருப்பவன் "பேய்ச் சிப்பாய்", காசு கொடுத்து வீட்டிலேயே இருந்துகொள்பவன் "அலங்காரச் சிப்பாய்".

எனக்குப் பிடித்த சம்பவம் ஒன்று. 2009ல் வர்தக் மாகாணத்தில் கொஞ்சம் போலீஸ்காரர்களுக்கு மட்டும் சம்பளத்தைக் கைபேசி வழியாக நேரடியாக அனுப்பிப் பார்த்தார்கள். வழக்கமாகத் தலைமையிலிருந்து கட்டாகப் பணம் வரும், ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் உதிரும், கடைசி ஆளுக்கு மிச்சம். இந்தத் தடவை முழுத்தொகை கிடைத்ததும் அந்த ஆட்கள் சம்பள உயர்வு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். உயர்வெல்லாம் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு எப்போதும் வந்திருக்க வேண்டிய சம்பளம்தான் அது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை மேலே உள்ளவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது. அதிகாரி ஒருவர் தன் ஆட்களின் சிம் கார்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தார் என்பது இதன் பின்னிணைப்பு. இப்போது சொல்லுங்கள், அந்தப் போலீஸ்காரன் இரவில் சாவடியில் யாருக்காகச் சாக வேண்டும்?

மறுபக்கம் பிலிப்பைன்ஸ். ஹுக் என்ற கம்யூனிஸ்ட் விவசாயிகள் கிளர்ச்சிக் காலம், 1950 செப்டம்பரில் மக்சைசாய் பாதுகாப்புச் செயலாளர் ஆகிறார். சாதாரணச் சிப்பாயின் நாள்படி 30 சென்டாவோ (நூறு சென்டாவோ ஒரு பெசோ). அதில் சாப்பிட முடியாது, ஆகவே சிப்பாய் கிராமத்துக் கோழியைப் பிடிப்பான், கோழியைப் பறிகொடுத்தவன் ஹுக்குகளுக்குச் சோறு போடுவான். மக்சைசாய் அதை ஒரு பெசோ ஆக்கினார். அமெரிக்கப் பணம் அதற்குப் பின்னால் இருந்தது, ஆனால் அது சிப்பாயின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. முகாம்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார், தூங்குகிற அதிகாரியை அங்கேயே மாற்றுவார். 1954ல் ஹுக் தலைவர் லூயிஸ் தாருக் சரணடைந்தார்.

நாலாவதுமணி:
கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு உலகமே ஒரு சம்பளப் பட்டியல்தான் :) உதவி கொடுக்கிறவனுக்கு அந்த நாடு பிழைக்க வேண்டும் என்ற எண்ணமே கிடையாது, தன் போட்டியாளன் உள்ளே வரக் கூடாது என்பதுதான் கணக்கு. இதைச் சொல்லாமல் கோழிக்கதை எதற்கு?

கணக்குப்பிள்ளை:
எண்ணம் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒரே கெட்ட எண்ணத்தோடு கொடுத்தும் ஓரிடத்தில் எடுபட்டது, ஓரிடத்தில் எடுபடவில்லை. இழை தொடங்கியவர் கேட்டது அதைத்தான்.

பழையரேடியோ:
போட்டி என்று வந்ததால் சொல்கிறேன். 1971 ஏப்ரலில் இலங்கையில் ஜேவிபி என்ற இடதுசாரி இளைஞர் இயக்கத்தின் கிளர்ச்சி வெடித்தபோது சிறிமாவோ அரசுக்கு ஓடி வந்தவர்கள் யார் யார் தெரியுமா? இந்தியாவும் பாகிஸ்தானும் ஹெலிகாப்டர் அனுப்பின. பிரிட்டன் ஆயுதம் கொடுத்தது. அமெரிக்காவும் உதவியது. சோவியத் யூனியன் மிக்-17 விமானங்களை அனுப்பியது. சீனா கடன் கொடுத்தது. அதே வருடம் டிசம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. அப்படிப்பட்டவர்கள் ஏப்ரலில் கொழும்பு விஷயத்தில் ஒரே பக்கம். போட்டியாளனைத் தடுப்பது மட்டும்தான் காரணம் என்றால் இது நடந்திருக்காது. நாற்காலியில் இருக்கிற அரசை இளைஞர் கூட்டம் தூக்கி எறிவது என்பது எல்லா அரசுகளுக்கும் பொதுவான பயம்.

நாலாவதுமணி:
சரி, இது எனக்குப் புதிது. ஒத்துக்கொள்கிறேன்.

துருப்பிடித்த போல்ட்:
நான் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருபது வருடம் இருந்தவன், எந்த நாடு, எந்தப் படை என்பதை விட்டுவிடுங்கள். இந்த உதவிப் பேச்சில் எனக்கு எரிச்சல் வருவது ஒரே இடத்தில்தான். "இத்தனை ஹெலிகாப்டர் கொடுத்தோம்" என்று படம் பிடித்துப் போடுவார்கள். ஒரு ஹெலிகாப்டர் ஒரு மணி நேரம் பறக்கக் கீழே பல மணி நேரம் கை வேலை இருக்கிறது. இத்தனை மணிக்கு ஒருமுறை என்று பாகங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ரோட்டர் பிளேடைத் தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்க வேண்டும், எண்ணெயை வடித்துக் காந்த முனையில் உலோகத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. அன்றைக்கு அது பறக்காது, மேலே யார் கத்தினாலும் சரி.

ஆப்கன் விமானப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது மி-17. சோவியத் காலத்திலிருந்து அப்பன், பிள்ளை, மருமகன் என்று பழகின இயந்திரம். உயரமான மலை, புழுதி, சூடு எல்லாம் தாங்கும், நிறையச் சுமக்கும். அமெரிக்காவே ரஷ்ய அரசு நிறுவனத்திடம் காசு கொடுத்து அதை வாங்கிக் கொடுத்தது. 2014ல் கிரைமியா விவகாரம் வந்ததும் ரஷ்யாவிடம் வாங்குவது அரசியலாகச் சரிப்படவில்லை. 2017இலிருந்து அமெரிக்காவின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் பக்கம் திருப்பிவிட்டார்கள். நல்ல இயந்திரம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மி-17 வேலையில் பெரும்பகுதியை ஆப்கன் மெக்கானிக்குகளே செய்தார்கள், பிளாக் ஹாக்கில் அநேகமாக எல்லாமே வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளர் கையில். ஆங்கிலக் கையேடு படிக்கக் கற்றுக்கொள்ளவே முதலில் வருடங்கள் போகும்.

அப்புறம் 2020 பிப்ரவரியில் அமெரிக்காவும் தாலிபானும் போட்ட தோஹா ஒப்பந்தம். அதில் படைகள் மட்டும் வெளியேறவில்லை, ஒப்பந்தத் தொழிலாளர்களும் சேர்த்துத்தான். 2021 கோடையில் கடைசியாக அவர்கள் போன பிறகு, வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு வீடியோ அழைப்பில் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அந்த இடத்தைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கியர்பாக்ஸ் சத்தத்தை வீடியோவில் கேட்டுச் சொல்ல முடியுமா? மலை உச்சிச் சாவடிக்குச் சோறும் குண்டும் போவதும், காயம்பட்டவன் திரும்பி வருவதும் ஹெலிகாப்டரில்தான். அது நின்றால் சாவடிக்காரன் பெரியவர்களை அனுப்பித் தாலிபானோடு பேசி இறங்கிப் போய்விடுவான். பல மாவட்டங்கள் அப்படித்தான் போயின.

ஊர்க்குருவி:
இது நான் யோசிக்காத கோணம். அப்படியானால் தன் கையால் ஓட்டிப் பழுது பார்க்கத் தெரியாத பொருளைக் கொடுக்கவே கூடாதா?

துருப்பிடித்த போல்ட்:
கொடுக்கலாம், கூடவே பத்துப் பதினைந்து வருடம் உட்காருவதற்கும் தயாராக இருந்தால். கொலம்பியாவில் அதே பிளாக் ஹாக்தான், அங்கே மெக்கானிக்குகளை வரிசையாக உருவாக்கினார்கள், படிப்படியாகச் செலவையும் வேலையையும் அவர்கள் கைக்கு மாற்றினார்கள். பின்னாளில் கொலம்பியர்களே மற்ற லத்தீன் நாட்டுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

மலைச்சரிவு:
கொலம்பியாவை இப்படி லேசாகத் தாண்டிப் போக முடியாது. 2000இல் தொடங்கிய பிளான் கொலம்பியா என்ற அமெரிக்க உதவித் திட்டத்தில் பதினைந்து வருடத்தில் சுமார் 10 பில்லியன் டாலர் வந்தது உண்மை. ஆனால் பாதுகாப்புச் செலவில் ஆகப் பெரும்பகுதி கொலம்பியாவின் சொந்தப் பணம். 2002ல் உரிபே அதிபராக வந்ததும் வசதி படைத்தவர்களின் சொத்து மீது சிறப்பு வரி போட்டார், அந்த வர்க்கமும் முணுமுணுத்துக்கொண்டே கட்டியது. தன் பிள்ளையைப் படைக்கு அனுப்பாத பணக்காரன், வரியாவது கட்டினான். ஆப்கன் அரசில் இது நடக்கவே இல்லை, படைச் செலவின் பெரும்பகுதி வெளியிலிருந்துதான்.

மற்ற பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே கொலம்பியாவில் வெற்றியைப் பிண எண்ணிக்கையில் அளந்தார்கள். கொன்றால் விடுப்பு, பதக்கம், பதவி உயர்வு. என்ன ஆயிற்று? ஏழைப் பையன்களை வேலை வாங்கித் தருகிறேன் என்று அழைத்துப் போய், சுட்டு, கெரில்லா உடுப்பை மாட்டி, சண்டையில் செத்தவன் என்று கணக்குக் காட்டினார்கள். 2008ல் பொகோட்டாவை ஒட்டிய சோவாச்சாவில் காணாமல் போன பையன்களின் உடல்கள் தூரத்து மாகாணத்தில் கிடைத்தபோதுதான் பூதம் வெளியே வந்தது. 2002 முதல் 2008 வரை மட்டும் குறைந்தது 6,402 பேர் என்று அங்குள்ள சமாதான நீதிமன்றம் 2021ல் சொன்னது. மகனைத் தேடி அலைந்த தாய்மார்கள் இல்லாவிட்டால் அது "சிறப்பான களச் செயல்பாடு" என்றே கோப்பில் தூங்கியிருக்கும். ஆயுத உதவியோடு மனித உரிமை நிபந்தனையும் அப்போது அமலில் இருந்தது என்பதை மறக்க வேண்டாம், மனித உரிமை மீறும் படைப்பிரிவுக்கு உதவி கூடாது என்கிற அமெரிக்காவின் லேஹி சட்டம் 1997இலிருந்தே உண்டு.

நாலாவதுமணி:
நிபந்தனை என்பதே கண்துடைப்பு என்று இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழையரேடியோ:
முழுக்கக் கண்துடைப்பு என்றும் சொல்ல முடியாது நண்பரே. எல் சால்வடாரில் இரண்டும் நடந்தது. அங்கே மனித உரிமை முன்னேறுகிறது என்று அமெரிக்க அதிபர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்று கொடுத்தால்தான் ராணுவ உதவி போகும். 1981 டிசம்பரில் எல் மொசோட்டே கிராமத்தில் அமெரிக்கா பயிற்சி கொடுத்த அட்லகாட்ல் பட்டாலியன் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்றது, நிறையக் குழந்தைகள். 1982 ஜனவரி 27 அன்று அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. மறுநாள், ஜனவரி 28, ரீகன் அரசு சான்று கொடுத்தது. இதைவிடக் கேவலமாக ஒரு ரப்பர் ஸ்டாம்பு குத்த முடியாது.

ஆனால் 1983 டிசம்பரில் துணை அதிபர் புஷ் நேரில் போய், கொலைப்படைகளை நிறுத்தாவிட்டால் உதவி நின்றுவிடும் என்று அதிகாரிகள் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதன் பிறகு அந்தக் கொலைகள் கணிசமாகக் குறைந்தன. அப்படியென்றால் என்ன அர்த்தம்? நிறுத்த முடியாமல் இருந்ததில்லை, நிறுத்தச் சொல்லி யாரும் உறுதியாகக் கேட்கவில்லை. 1989 நவம்பரில் ஆறு இயேசு சபைப் பாதிரியார்களையும், அவர்கள் வீட்டில் சமைத்த பெண்ணையும், அவள் மகளையும் ராணுவம் கொன்றது. அடுத்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ராணுவ உதவியைப் பாதியாக வெட்டியது. 1992 ஜனவரியில் போரை முடித்த சப்புல்டெபெக் சமாதான உடன்பாடு. வெட்டியதால் மட்டும் சமாதானம் வந்தது என்று சொல்லவில்லை, சோவியத் பக்கமும் அப்போது சரிந்துகொண்டிருந்தது. ஆனால் பணம் என்றைக்கும் வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை போனதும் தளபதிகள் மேசைக்கு வந்தார்கள்.

எனக்குப் படுவது இதுதான்: இவன் தோற்றால் நமக்குப் பேராபத்து என்று கொடுக்கிறவன் எவ்வளவு பயப்படுகிறானோ, அவ்வளவுக்கு வாங்குகிறவன் அவன் பேச்சைக் கேட்க மாட்டான். கடன்காரன் செத்துவிட்டால் வட்டிக்காரனுக்குத்தான் நஷ்டம், அது கடன்காரனுக்கும் தெரியும்.

சுடுமணல்:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கொடுக்கிறவன், வாங்குகிறவன் என்று பேசுகிறீர்கள், கீழே நிற்கிறவனும் இருக்கிறான்.

இலங்கையில் சின்ன வயதில் எங்களுக்குக் குண்டு போட வரும் விமானங்களைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை, சத்தம் போதும். சியாமாசெட்டி என்போம், புக்காரா, அவ்ரோ, சகடை, பிறகு கிபிர். சகடை வந்தால் பங்கருக்குள் போக நேரம் இருக்கும். கிபிர் வந்தால் சத்தம் கேட்கும்போது அது ஏற்கெனவே தாண்டியிருக்கும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஓடுவார், ஒருநாளும் அப்படியே விட்டு ஓடியதில்லை. வளர்ந்து வேறு நாட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது, சியாமாசெட்டி என்பது சியாய் மார்கெட்டி, இத்தாலிக்காரன் செய்தது. புக்காரா அர்ஜென்டினா. கிபிர் இஸ்ரேல். எங்கள் வாய்க்கு வசதியாக ஒடித்துக்கொண்ட பெயர்களுக்குள் இத்தனை நாடு இருந்திருக்கிறது.

பழையரேடியோ 1971ஐச் சொன்னார், பிறகு நடந்ததையும் சேர்க்கிறேன். 2000 ஏப்ரலில் ஆனையிறவு ராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு பாகிஸ்தானிடமிருந்து பல்குழல் எறிகணைகள் வந்தன. இந்தியா தாக்குதல் ஆயுதம் தர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ரேடாரும் ரோந்துக் கப்பலும் கொடுத்தது. 2007 கடைசியில் அமெரிக்க காங்கிரஸ் ராணுவ உதவிக்குக் கடிவாளம் போட்டது. ஏதாவது நின்றதா? சீனாவிலிருந்து தாராளமாக வந்தது. 2009 மேயில் எல்லாம் முடிந்தது. ஒருவன் மனசாட்சிக்காகக் கையை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொருவன் கை வைக்கிறான். இதில் பாதிக்கு மேல் "உதவி"கூட இல்லை, காசுக்கு விற்றதும் கடனுக்கு விற்றதும்தான். அந்தக் கடனைக் கட்டுவதில் எங்கள் பங்கும் உண்டு என்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும்.

மலைச்சரிவு:
சுடுமணல், எழுதியதற்கு நன்றி. அடுப்பு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை.

ஊர்க்குருவி:
நன்றி அண்ணா. (அண்ணாவா அக்காவா தெரியவில்லை, மன்னிக்கவும்.)

சுடுமணல்:
அக்கா :)

பழையரேடியோ:
அக்கா சொன்ன "இன்னொருவன் கை வைக்கிறான்" என்பதற்குப் புதிய உதாரணம் மாலி. அமெரிக்கா பல வருடம் பயிற்சி கொடுத்தது. 2012ல் வடக்கே துவாரெக் இனத்தவரின் கிளர்ச்சி எழுந்தபோது பயிற்சி பெற்ற அதிகாரிகளில் சிலர் ஆட்களோடும் ஆயுதத்தோடும் அந்தப் பக்கம் போனார்கள், தலைநகரில் ஆட்சியைப் பிடித்த கேப்டன் சனோகோவும் அமெரிக்காவில் பயிற்சி எடுத்தவர். 2013ல் பிரான்ஸ் படையோடு இறங்கியது, 2022ல் வெளியேறியது, இடையில் இரண்டு ராணுவப் புரட்சி. பிரான்ஸ் கேள்வி கேட்கிறது என்று ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையைக் கூப்பிட்டார்கள். 2022 மார்ச்சில் மூரா கிராமத்தில் மாலிப் படையும் வெளிநாட்டு ஆட்களும் சேர்ந்து 500 பேருக்கு மேல் கொன்றதாக ஐநா மனித உரிமை அலுவலகம் சொன்னது. கிளர்ச்சி மட்டும் அடங்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
கிரேக்கத்தை யாரும் தொடவில்லை. டாலரும் ஆலோசகர்களும் இல்லாமல் அந்த அரசு நின்றிருக்காது, சரி. ஆனால் கிளர்ச்சிக்காரர்களின் முதுகு உடைந்தது வேறு இடத்தில். 1948ல் பக்கத்து யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோவுக்கும் ஸ்டாலினுக்கும் முறிந்தது, கிரேக்கக் கம்யூனிஸ்ட்கள் ஸ்டாலின் பக்கம் நின்றார்கள், 1949 ஜூலையில் டிட்டோ எல்லையை மூடிவிட்டார். காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு போக இடம் இல்லை, குண்டு வரும் வழி இல்லை. ஆப்கானிஸ்தானில் பாகிஸ்தான் பக்கத்து எல்லை இருபது வருடமும் திறந்தே இருந்தது. அரசுக்கு எவ்வளவு போகிறது என்று பேசும்போது எதிராளியின் கொல்லைப்புறக் கதவையும் பார்க்க வேண்டும்.

மலைச்சரிவு:
சோவியத் ஆதரவில் ஆப்கானிஸ்தானை ஆண்ட நஜிபுல்லாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1989 பிப்ரவரி 15 சோவியத் படை வெளியேறியது, இன்னும் சில மாதம்தான் என்று எல்லாரும் எழுதினார்கள். மார்ச்சில் ஜலாலாபாத்தை முஜாஹிதீன்கள் தாக்கி மூக்குடைபட்டார்கள். மூன்று வருடம் நின்றார் மனுஷன். பணம், எரிபொருள், ஸ்கட் ஏவுகணை எல்லாம் மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டே இருந்தது, அதை வைத்து வடக்கே உஸ்பெக் படைத்தலைவர் தோஸ்தம் போன்றவர்களின் படைகளுக்குக் கூலி கொடுத்துத் தன் பக்கம் வைத்திருந்தார். 1992 ஜனவரியோடு குழாய் நின்றது. சில வாரங்களில் தோஸ்தம் மாறினார், ஏப்ரலில் காபூல் போனது. படை ஒரே இரவில் கோழை ஆகிவிட்டதா என்ன? கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன சம்பளப் பட்டியல்தான் மறுபடியும்.

நாலாவதுமணி:
ஆக, நன்றாகச் சம்பளம் போட்டால் கொடுங்கோலன்கூட நிற்பான் என்கிறீர்கள். எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. ஓமானின் தெற்கு மாகாணமான தோஃபாரில் நடந்த போர் கொஞ்சம் வேறு மாதிரி. 1970ல் பழைய சுல்தானை மகன் காபூஸ் பிரிட்டிஷ் உதவியோடு இறக்கினார், உடனே மன்னிப்பு அறிவித்தார், சரணடைந்தவர்களைக் கொண்டே "ஃபிர்கா" என்று படைகள் கட்டினார், பிடித்த இடத்தில் முதலில் கிணறு தோண்டினார்கள். மருத்துவரும் பள்ளிக்கூடமும் பின்னால் வந்தது. பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் கொஞ்சப் பேர்தான். ஈரான் ஆயிரக்கணக்கில் படை அனுப்பியது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் கிளர்ச்சிக்குக் காரணமான பழைய ஆட்சிமுறை முதலில் போனது. நீங்கள் எல்லோரும் சொல்லும் சம்பளம், உதிரிபாகம், எல்லை மூன்றும் சரி. மக்கள் ஏன் துப்பாக்கி தூக்கினார்கள் என்ற இடத்தில் கை வைக்காமல் இந்த மூன்றையும் சரி செய்தால், நல்ல சம்பளம் வாங்குகிற ஒரு அடியாள் கூட்டம்தான் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை:
இதில் எனக்கு மறுப்பு இல்லை. முதல் பதிவிலேயே இப்படி எழுதியிருக்கலாமே ஐயா, கோழியைக் கிண்டல் செய்திருக்க வேண்டாம்.

ஊர்க்குருவி:
போல்ட் சாருக்கு ஒரு கேள்வி பாக்கி. அந்த மி-17கள் கடைசியில் என்ன ஆயின?

துருப்பிடித்த போல்ட்:
கொஞ்சம் தாலிபான் கையில், இன்றைக்கும் சில பறக்கின்றன, ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த பழைய ஆட்கள் ஊரிலேயே இருந்தார்களே. காபூல் விழுந்த நாட்களில் விமானிகள் சிலர் குடும்பத்தோடு உஸ்பெகிஸ்தானுக்குப் பறந்துவிட்டார்கள், அங்கே டெர்மெஸில் ஆப்கன் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் வரிசையாக நின்ற படம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஐந்து மி-17 அந்த நேரத்தில் பெரிய பராமரிப்புக்காக உக்ரைனில் இருந்தன. திருப்பி அனுப்ப நாடே இல்லை. 2022 ஜனவரியில் அவற்றை உக்ரைனுக்கே கொடுத்துவிட அமெரிக்கா முடிவு செய்தது, அடுத்த மாதம் அங்கே போர். ஏப்ரலில் ஆப்கானிஸ்தானுக்கென்று வைத்திருந்த இன்னும் 11 ஹெலிகாப்டர் போனது. தாலிபானோடு சண்டை போட அமெரிக்கப் பணத்தில் ரஷ்யாவிடம் வாங்கிய இயந்திரம், கடைசியில் ரஷ்யப் படைக்கு எதிராகப் பறந்தது. அந்த ஐந்தையும் யார் கழற்றிப் பூட்டினார்களோ, அவர்கள் கையெழுத்து இன்னும் பராமரிப்புப் புத்தகத்தில் இருக்கும்.